டேக் ஆஃப்!

1977, மார்ச் 27. ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று, டெனரீஃப். அதன் சின்ன விமான நிலையத்தில் அன்றைக்கு அளவுக்கு மீறிய நெரிசல். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்கவேண்டிய விமானங்களை எல்லாம் இங்கே திருப்பி விட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு, பிரமாண்டமான ஜம்போ ஜெட்கள். ஒன்று, டச்சுக்காரர்களின் கே.எல்.எம். இன்னொன்று, அமெரிக்காவின் பான் ஆம். போதாக்குறைக்கு மூடுபனி வேறு!

ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். கிளம்பத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், பனிக்குள், பான் ஆம் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை. கன்ட்ரோல் டவரில் இருந்தவர் கண்ணுக்கோ இரண்டுமே தெரியவில்லை. அந்த மூன்று பேரையும் இணைத்தது ரேடியோவில் பேசிய ஆங்கிலம் மட்டும்தான்.

கிளம்பியபின் எந்த வழியில் போகவேண்டும் என்று டவர் சொன்னது. வழி சொன்னதே தவிர, 'கிளம்பு' என்று சொல்லவில்லை. ஆனால், அந்த வாக்கியத்துக்குள்ளும் 'டேக் ஆஃப்' என்ற வார்த்தை இருந்தது. அதைத் திருப்பிச் சொன்ன டச்சுத் துணை விமானி, கடைசியில் 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்கிற மாதிரி ஒன்று சொன்னார். 'கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம்' என்று டவர் புரிந்துகொண்டது. உண்மையில் கேப்டன் அதற்குள் வேகம் எடுத்துவிட்டிருந்தார்! டவர் 'ஓகே' என்றது. ஒரு விநாடி இடைவெளி. 'பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று டவர் தொடர்ந்த அதே நொடியில் பான் ஆமும் பேச, ரேடியோவில் கீச்சென்று இரைச்சல். கே.எல்.எம். காதில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும்தான்.

583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை இதுதான் ஆகப்பெரியது.

பனி, அவசரம், இரைச்சல் என்று காரணங்கள் பல. ஆனாலும், இந்த 'டேக் ஆஃப்' என்கிற ஜோடி வார்த்தையைச் சும்மா விட முடியுமா? அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

'டேக்' என்றால் எடு. 'ஆஃப்' என்றால் விலகி, அப்பால். இரண்டும் கைகோத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்தது! சட்டை வந்தால் கழற்றுவது. விமானம் வந்தால் கிளம்புவது. திங்கட்கிழமை வந்தால் லீவு போடுவது. பில்லில் பத்து ரூபாய் வந்தால் தள்ளுபடி. இப்படி வினைச்சொல்லும் ஒரு குட்டி வார்த்தையும் சேர்ந்து புது அர்த்தம் தருவதுதான் 'ஃப்ரேசல் வெர்ப்'. பள்ளிக்கூடத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே சமாச்சாரம்!

இதில் வேடிக்கை, 'டேக்' ஆங்கில வார்த்தையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமான்' என்று பெயர். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் பிற்பாடு கிழக்கு இங்கிலாந்தில் நிலம் பிடித்து, கல்யாணம் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களோடு வந்த வார்த்தைதான் 'டேக்'. அது 'நிமானை' மெல்ல மெல்ல விரட்டியே விட்டது. மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்ப்' என்ற வார்த்தையில்தான் இன்று அந்தப் பழைய 'நிமான்' ஒளிந்துகொண்டிருக்கிறது. உணர்ச்சி 'எடுக்கப்பட்டது' என்று பொருள்!

பழைய ஆங்கிலத்தில் குட்டி வார்த்தை பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். பிறகு அது வினைக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தது. வைக்கிங்குகளின் பேச்சும் அதற்கு ஒரு காரணம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 1066-ல் நார்மானியர்கள் வந்து அரியணையில் உட்கார்ந்தார்கள். அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சும் லத்தீனும்தான். அந்த வழியில் வந்த 'போஸ்ட்போன்', 'டாலரேட்' போன்ற வார்த்தைகள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரிகின்றன. வீட்டிலும் சந்தையிலும் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' என்று சொன்னாலே போதும். ஒரே ஊரில் இரண்டு ஜாதி வார்த்தைகள்!

1755-ல் பிரமாண்டமான அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டுக்காரர்களை அதிகமாகத் திணற அடிப்பது இந்த ஜோடிகள்தான் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். 'டேக்' என்ற ஒரே வார்த்தைக்கு அவர் கொடுத்த அர்த்தங்கள் 134! 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே 1925-ல்தான் லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகம் மூலம் பரவியது. பெயரை யோசித்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

1930-ல் சி.கே. ஆக்டன் என்ற அறிஞர், 'உலகத்துக்கே 850 வார்த்தை போதும்' என்று 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. மீதியை எப்படிச் சமாளிப்பது? 'புட்', 'டேக்', 'கெட்' இவற்றோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' சேர்த்துத்தான். வார்த்தை என்னவோ குறைந்தது. ஆனால், அந்த ஜோடிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டியதாயிற்று!

இதில் பெயர்ச்சொல் எங்கே உட்காரும் என்பது இன்னொரு கூத்து. 'டேக் ஆஃப் யுவர் ஷர்ட்' சரி. 'டேக் யுவர் ஷர்ட் ஆஃப்' என்பதும் சரி. ஆனால், சட்டைக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரவேண்டும். 'டேக் ஆஃப் இட்' என்றால் ஆங்கிலேயக் குழந்தைகூடச் சிரிக்கும். அந்தக் குழந்தைக்கு யாரும் விதி சொல்லித் தரவில்லை. காதில் விழுந்து விழுந்து வந்தது அது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? வினைச்சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, குட்டி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டோம். 'ஸ்விட்ச் ஆஃப்' நம் வீட்டில் 'லைட்டை ஆஃப் பண்ணு' ஆகிவிட்டது. பெயர்ச்சொல் முன்னால், 'பண்ணு' பின்னால், குழப்பமே கிடையாது! 'எடுத்துவிடு', 'போட்டுக்கொடு' என்று ஜோடி சேர்ப்பது நமக்கும் புதிதல்லவே. 'போட்டுக்கொடு' என்பதற்குக் காபி வந்தால் ஓர் அர்த்தம், மேனேஜர் வந்தால் வேறு அர்த்தம். தமிழ் கற்றுக்கொள்ளும் வெள்ளைக்காரர் பாவம்தான்!

அந்த விபத்துக்குப் பிறகு விமான உலகம் ஒரு விதி போட்டது. 'கிளம்பலாம்' என்று டவர் நிஜமாகவே அனுமதி தரும்போதும், தந்ததை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் 'டேக் ஆஃப்' என்ற வார்த்தை வரவேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'தான். அதாவது, வைக்கிங்குகள் கொண்டுவந்த சந்தை வார்த்தையைக் கட்டுப்படுத்த, பிரெஞ்சு வழியில் வந்த கோட்டு சூட்டு வார்த்தை தேவைப்பட்டது.

அடுத்த தடவை விமானத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்காரும்போது நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் காக்பிட்டில் இருப்பவர்கள் அந்தக் குட்டி ஜோடி வார்த்தைக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அது வருகிறவரை விமானம் கிளம்பாது. கிளம்பவும் கூடாது.