வெத்திலை வாயில் ஒரு வெண்படலம்: பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவின் ஆய்வுகளும் மன்னார்க் கரையும்

பேசாலையிலோ வங்காலையிலோ விடியப்புறம் கரைக்கு வரும் படகுகளைப் பார்த்து நின்றால், வலையில் மீன் கழற்றுபவர்களில் பலரது கன்னம் ஒரு பக்கம் புடைத்திருப்பதைக் காணலாம். வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. இரவு முழுக்கக் கடலில் நித்திரை கொள்ளாமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது என்பது அவர்களது கணக்கு. வரண்ட மன்னாரில் கமுகு வளர்வதே அரிது. பாக்கும் வெத்திலையும் குருநாகல் பக்கமிருந்தும் ஈரவலயத்திலிருந்தும் லொறியில் வருகின்றன. ஆனாலும் வெத்திலைத் தட்டம் இல்லாத நல்லது கெட்டது இங்கே இல்லை.

இலங்கையின் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்த இடத்தில் நுரையீரலோ புரொஸ்டேட் சுரப்பியோ இருக்கும். இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை நுண்நோக்கியின் கீழும், கிராமங்களிலும் தேடியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய. பேராதனையில் பல் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றியவர். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வாய் மருத்துவம், பரிசோதனை நோயியல் ஆகியவற்றின் பேராசிரியராக இருந்தார். நாங்கள் ஏன் அவரது ஆய்வுகளைப் படிக்க வேண்டும் என்றால், அவை ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகப் போய் வாயைத் திறந்து பார்த்த ஆய்வுகள் அவை.

கதை அவரோடு தொடங்கவும் இல்லை. 1933 இல், நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், திருவிதாங்கூரில் வெத்திலை மெல்லுபவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். யாழ்ப்பாணப் புகையிலைக்கு நீண்டகாலமாகப் பெரிய சந்தையாக இருந்தது அதே திருவிதாங்கூர்தான் என்பதை எங்கள் வரலாற்று நூல்கள் பெருமையோடு சொல்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

புகையிலைதான் குற்றவாளி, வெறும் பாக்கு பாதகமில்லை என்ற நம்பிக்கை இன்றும் எங்கள் வீடுகளில் உண்டு. 1985 இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் புகையிலை சேர்த்த வெத்திலையை மட்டுமே புற்றுநோய்க் காரணியாக உறுதிப்படுத்தியது. 2004 இல் வெளியான அதன் 85 ஆவது தொகுதி அந்த நிலைப்பாட்டை மாற்றியது. புகையிலை சேராத வெத்திலையும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என அது முடிவு செய்தது.

பாக்கு என்ன செய்கிறது? இதை விளக்கும் கட்டுரை ஒன்றை 2006 இல் பேராதனைப் பல்கலைக்கழக வாய் நோயியல் பேராசிரியர் டபிள்யூ. எம். திலகரத்னவும் வர்ணகுலசூரியவும் வேறு மூவரும் சேர்ந்து 'ஓரல் ஒன்கொலஜி' இதழில் எழுதினார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்தோலுக்குக் கீழுள்ள கலங்களைத் தூண்டி கொலாஜன் நாரை அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்ய வைக்கிறது. பாக்கில் செம்பும் அதிகம். அந்தச் செம்பு ஒரு நொதியத்தை முடுக்கி விடுகிறது, அந்த நொதியம் நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. பழைய நாரை உடைத்து அகற்றும் வேலையும் மந்தமாகிறது. கயிறு முறுக்குவது போலத்தான். முறுக்க முறுக்க கன்னம் விறைத்து, வெளிறி, கடைசியில் வாய் திறக்க முடியாமல் போகிறது. காரம் பட்டால் எரியும். சோற்றுக் கவளம் சிறிதாகிக் கொண்டே போகும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வைக்க முடியாவிட்டால் கவனிக்க வேண்டும்.

இதற்கு வாய் நார்த்தடிப்பு நோய் என்று பெயர் வைக்கலாம். இது தானே புற்றுநோய் அல்ல, ஆனால் அதற்கான நிலம். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. 1985 இல் வெளியான முடிவு அது. வெத்திலையை நிறுத்தினாலும் இறுகிய நார் பழையபடி இளகுவது கடினம். ஆனால் நிறுத்துவது புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

மற்றையது வெண்படலம். சுரண்டினால் போகாத வெள்ளைத் திட்டு, நோகாது. நோகாததுதான் பிரச்சினை. சிவப்புத் திட்டாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இப்படிப்பட்ட நிலைகளையெல்லாம் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்த 2007 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் வர்ணகுலசூரிய. 'புற்றுநோய்க்கு முந்திய புண்' என்ற பழைய சொல்லை விட்டு, 'புற்றாக மாறக்கூடிய கோளாறு' என்ற பொருளுள்ள சொல்லை அக்கட்டுரை பரிந்துரைத்தது. சொல் மாறியதில் ஒரு நியாயம் இருக்கிறது: எல்லாத் திட்டும் புற்றாவதில்லை, எது ஆகும் என்று பார்வையில் சொல்லவும் முடியாது.

அதனால்தான் சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். நோயியல் வைத்தியர் பார்ப்பது கலங்களின் ஒழுங்கை. கருக்கள் பெருத்துக் கறுத்திருக்கின்றனவா, அடுக்குகள் குழம்பியிருக்கின்றனவா, குழப்பம் அடித்தள மென்சவ்வுக்கு மேலேயே நிற்கிறதா? அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் அது புற்றுநோய். தாண்டாதவரை சிறிது, நடுத்தரம், கடுமை எனத் தரம் பிரிப்பார்கள். ஒரே கண்ணாடித் தகட்டை இரண்டு நிபுணர்கள் பார்த்து இரண்டு தரம் கொடுப்பதும் உண்டு. இந்தப் பலவீனத்தை வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் 2008 இல் ஒளிக்காமல் எழுதினார்கள். நோயாளிக்குத் தரம் ஒரு தீர்ப்பல்ல, தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

என்னைக் கேட்டால் அவரது மிகப் பெறுமதியான வேலை இதற்கும் முந்தியது. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வில், முப்பத்துச் சொச்சம் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஒரே ஆண்டில் ஏறத்தாழ 29 ஆயிரம் கிராமத்தவரின் வாயைப் பார்த்தார்கள். 1991 இல் வெளியான இரண்டாவது ஆய்வில் 57,124 பேரைப் பார்த்து 3,559 பேரிடம் சந்தேகத்துக்குரிய மாற்றங்களைக் கண்டார்கள். வைத்தியர் தேவைப்படவில்லை. வெளிச்சமும் பயிற்சியும் போதுமாக இருந்தன. ஆனால் மேலதிக பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் பத்தில் ஆறு பேரளவில்தான் போனார்கள். மிச்சப்பேருக்கு என்ன நடந்தது என்பதை நாங்கள் ஊகிக்கலாம்.

இப்படிப் பார்ப்பதால் உயிர் தப்புமா என்ற கேள்விக்குத் திருவனந்தபுரத்தில் பதில் கிடைத்தது. சங்கரநாராயணன் குழுவினர் 2005 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், புகையிலை அல்லது மது பாவிப்போரிடம் வாயைப் பார்த்துச் செய்யும் பரிசோதனை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 34 சதவீதத்தால் குறைத்திருந்தது.

இனி மன்னார். மாந்தை மேற்கிலும் மடுவிலும் இருந்து 2007, 2008 இல் வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் வந்து நின்றவர்களில் எத்தனையோ பேர் பசியை அடக்கவும் மனதை அடக்கவும் வெத்திலைக்குப் பழகினார்கள். அதற்கு முன் போடாத பெண்களும் அதில் அடக்கம். பாக்கு வாயைக் கெடுக்கப் பெரும்பாலும் பல ஆண்டுகள் எடுக்கும். அந்தக் கணக்கில், முகாமில் தொடங்கியவர்களின் வாயைப் பார்க்க வேண்டிய காலம் இது. செல்லுக்குத் தப்பியவர்கள் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டைப் பொருட்படுத்துவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தூரமும் ஒரு காரணம். தெல்லிப்பழையில், 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து பூநகரி வழியாக அங்கே போக நூறு கிலோமீற்றருக்கும் மேல். மகரகம இன்னும் தூரம். கடலுக்குப் போகாத ஒரு நாள், சம்பளமில்லாத நாள். முதற்கட்டத்துக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் இலவசமாக வாயைப் பார்ப்பார்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்கும்போது தடை, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லுக்குத்து வரும்வரை காத்திருக்கக் கூடாது.

துண்டு வெட்டி அனுப்பியிருந்தால் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதில் ஒரு இலக்கம் இருக்கும். உங்கள் இழையம் மெழுகுக் கட்டிக்குள் பதித்து அந்த இலக்கத்தில்தான் ஆய்வுகூடத்தில் வைக்கப்படுகிறது. வேறொரு வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தாலும், அந்த இலக்கம் கையில் இருந்தால், அதே கட்டியிலிருந்து புதிதாகச் சீவி இன்னொருவர் பார்க்கலாம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்களுக்கு இந்த இலக்கத்தின் பெறுமதி தெரியும்.