கூரைமேல் விழுந்த பீட்சா

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கிறது அல்புகர்க்கி நகரம். அங்கே ஒரு அமைதியான தெருவில் உள்ள, மாடியில்லாத சாதாரண வீட்டைச் சுற்றி 2017இல் ஆளுயர இரும்புவேலி எழுந்தது. திருடர்களுக்குப் பயந்து போட்ட வேலி அல்ல அது. கூரைமேல் பீட்சா வந்து விழுவதைத் தாங்க முடியாமல் போட்டது.

'பிரேக்கிங் பேட்' தொடரில் வால்ட்டர் வைட்டின் வீடாக வந்தது அந்த வீடுதான். 2010இல் ஒளிபரப்பான மூன்றாம் சீசனில், மனைவி ஸ்கைலர் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடுவாள். அந்த ஆத்திரத்தில் வால்ட்டர் கையிலிருந்த பெரிய பீட்சாவை வீசியெறிவார். அது சுழன்றுபோய்க் கூரையில் உட்கார்ந்துகொள்ளும். நடிகர் பிரையன் கிரான்ஸ்டன் முதல் வீச்சிலேயே அதைச் செய்துவிட்டார். அதே வீச்சைத் தாங்களும் வீசிப் பார்க்க எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். அடுத்தவர் வீட்டுக் கூரையில் பீட்சா எறிவதில் வேடிக்கை எதுவும் இல்லை என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015இல் கண்டிக்க வேண்டியிருந்தது.

விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. அந்தக் காட்சியில் பார்வையாளர்கள் பலர் யார் பக்கம் நின்றார்கள் என்பது அதில் தெரிகிறது.

தொடர் 2008 ஜனவரி 20 அன்று ஏஎம்சி அலைவரிசையில் தொடங்கியது. முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர்தான். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் முதல் சீசனே 7 எபிசோடுகளோடு முடிந்துபோனது. ஆனால் அந்த முதல் எபிசோடிலேயே பார்வையாளர் மனதில் வால்ட்டர் இடம்பிடித்துவிட்டார். வயது 50. பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சம்பளம் போதாமல் மாலையில் கார் கழுவும் கடையில் வேலை. அங்கே தரையில் குனிந்து அவர் சக்கரம் துடைக்கும் கார், அவரிடமே படிக்கும் மாணவனுடையது. அவன் முன்னால் அவர் கூனிக்குறுகிப் போவதைப் பார்த்த எவருக்கும் நெஞ்சு கனக்கும். பிறகு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது. மனைவி கர்ப்பிணி. மகனுக்கு மூளை முடக்குவாதம். பழைய மாணவன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு அவர் மெத் என்னும் போதைப்பொருள் காய்ச்சப் போகும்போது, 'பாவம், வேறு என்ன செய்வார்?' என்று பார்ப்பவர் மனமே அவருக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறது.

அந்த வாதம் லேசில் ஓயவில்லை. இரண்டாம் சீசனின் முடிவை ஒட்டி வால்ட்டர், மூச்சுத்திணறிச் சாகும் இளம்பெண்ணைக் காப்பாற்ற முடிந்தும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் சீசனில் ஒரு சிறுவனுக்கே விஷம் கொடுத்தார். அப்போதும் பலர் அவரைக் கைவிடவில்லை. அவர்களுக்கு ஆகாமல் போனவள் ஸ்கைலர்தான். கணவன் எங்கே போகிறான், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது அவள் செய்த குற்றம்.

வெறுப்பு கதாபாத்திரத்தோடும் நிற்கவில்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தன்னைக் கொல்ல எங்கே வந்தால் கண்டுபிடிக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்ததையும் அதில் குறிப்பிட்டார். கணவனுக்கு அடங்கிப் போகாத மனைவியைப் பொறுத்துக்கொள்ள முடியாத மனம்தான் இதற்கு வேர் என்பது அவர் கணிப்பு. அது சரியான கணிப்பு. அடுத்த மாதமே அந்த வேடத்துக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. மறுவருடம் இன்னொன்றும் வந்தது.

2013 செப்டம்பர் 29 அன்று வந்த கடைசி எபிசோடை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பழைய சீசன்களை நெட்ஃபிளிக்ஸில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதில் ஏராளம். இத்தனை நாளும் குடும்பத்துக்காக என்று சொல்லிவந்த வால்ட்டர், எல்லாம் தனக்காகவே செய்ததாக ஸ்கைலரிடம் ஒப்புக்கொள்கிறார். முடிவிலும் அபிப்பிராயம் பிளந்தது. எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்து முடிவது இறக்கப்போகிறவனின் கற்பனை போலிருக்கிறது என்று தி நியூயார்க்கர் விமர்சகர் எமிலி நுஸ்பாம் எழுதினார்.

அக்டோபரில் அல்புகர்க்கி ரசிகர்கள் உள்ளூர் நாளிதழில் வால்ட்டர் வைட்டுக்கு இரங்கல் அறிவிப்பு கொடுத்தார்கள். நிஜமான கல்லறைத் தோட்டத்தில் இறுதிச் சடங்கும் நடத்தினார்கள். திரட்டிய பணம் வீடற்றோருக்குப் போனது. அது நல்ல காரியம். ஆனால் அதே மண்ணில் சொந்தங்களைப் புதைத்தவர்கள், இல்லாத ஒருவனுக்கு இங்கே கல்லறைக் கல்லா என்று மனம் நொந்தார்கள். பிறகு அந்தக் கல் அங்கிருந்து அகற்றப்பட்டது.

2025 பிப்ரவரியில் எழுத்தாளர் சங்க விருது மேடையில் ஏறிய கில்லிகன், மனதுக்கு ஊக்கம் தரும் ஒருவரைப் படைத்ததற்காகப் பாராட்டப்படுவதையே விரும்பியிருப்பேன் என்றார். இனி இத்தொடரைப் பார்க்க உட்காருகிறவர்கள் முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்கப் பழைய நண்பர் முன்வருகிறார். வால்ட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.