லெஸ்லி நியூபிகினின் இறையியலில் பன்மைச் சமூகமும் கிறித்தவக் கோட்பாடும்: ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறித்தவர் எனக் குறித்தோர் 2011இல் 59.3 விழுக்காட்டினர், 2021இல் 46.2 விழுக்காட்டினர். பெரும்பான்மை நிலையை இழந்த ஒரு சமயம் தன் கோட்பாட்டை எவ்வாறு எடுத்துரைக்க இயலும் என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டவர் பேராயர் லெஸ்லி நியூபிகின் (1909-1998). அவரது விடைக்குத் தமிழகப் பட்டறிவு அடிப்படையாக அமைந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழகப் பட்டறிவு

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் அருட்பணியாளராக 1936இல் இந்தியா வந்த நியூபிகின், காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்தாருடன் உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் இணைத்துப் பயின்றார். அங்குச் சமயப் பெரியோர் படங்களுக்கிடையே இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடு நிகழ்ந்தது. இயேசுவை இந்து உலகநோக்கினுள் அடக்கும் செயலாகவே அவர் அதை முதலில் கண்டார். தாமும் இயேசுவை ஐரோப்பிய உலகநோக்கினுள் அடக்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தார். அவரது பிற்காலச் சிந்தனையின் வித்து இவ்வுணர்வே எனலாம்.

பர்மிங்காம் காலம்

சென்னைப் பேராயர் பொறுப்பிலிருந்து 1974இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர், பர்மிங்காமின் செல்லி ஓக் கல்லூரிகளில் கற்பித்தார். பின்னர் வின்சன் கிரீன் பகுதியில் சிறு சபையொன்றின் போதகரானார். இந்தியாவில் கண்ட எதிர்ப்பினும் இங்கிலாந்தில் கண்ட புறக்கணிப்பே கடினமானது என அவர் பதிவுசெய்துள்ளார்.

'பன்மைச் சமூகத்தில் நற்செய்தி' (1989) என்னும் நூலில், பல சமயங்கள் உடன்வாழும் நிலையையும், எச்சமயமும் பொதுவெளியில் உண்மையுரிமை கோரலாகாது என்னும் கொள்கையையும் அவர் வேறுபடுத்துகிறார். முன்னதை ஏற்கிறார், பின்னதை மறுக்கிறார். அறிவியல் அறிவும் நம்பிக்கை சார்ந்த ஈடுபாட்டிலிருந்தே தொடங்குகிறது என்னும் மைக்கேல் பொலானியின் கருத்து அவருக்குத் துணைநிற்கிறது. எனவே அறிவியல் உண்மை பொதுவானது, சமய நம்பிக்கை தனிப்பட்டது என்னும் பகுப்பும் அவர் நோக்கில் ஒரு நம்பிக்கையே. நற்செய்திக்கு விளக்கமாக அமைவது அதனை வாழ்ந்துகாட்டும் சபையே என்பது அவர் முடிபு.

மதிப்பீடு

எல்லா அறிவும் நம்பிக்கையில் வேரூன்றியதெனில், பிற சமயங்களும் அதே வாதத்தை முன்வைக்கலாம். ஆகவே இவ்வாதம் கிறித்தவத்தின் உண்மையை மெய்ப்பிப்பதன்று. அதைப் பேசும் உரிமையை மட்டுமே நிலைநாட்டுகிறது. இவ்வெல்லையை மறந்தால் சான்றுரைத்தல் ஆதிக்கமாகத் திரியக்கூடும். காலனிய ஆட்சிக்காலத் தமிழகத்தில் அருட்பணியாளரின் சொல்லுக்கு அதிகாரத்தின் நிழல் இருந்தது; வின்சன் கிரீனில் அந்நிழல் இல்லை. இவ்வேறுபாட்டை நியூபிகின் ஆய்வுகள் மேலும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

மேலைக் கிறித்தவம் தன்னையே வெளியிலிருந்து காண நியூபிகினுக்குக் காஞ்சிபுரம் கற்பித்தது. ஐரோப்பிய இறையியல் வரலாற்றில் தமிழகம் அருட்பணியின் களமாக மட்டுமன்றிச் சிந்தனையின் ஊற்றாகவும் இடம்பெறத் தக்கது என்பது இதனால் பெறப்படுகிறது.