சித்தாள் சிறியவரா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் காலை வேளையில், கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனையைக் கடந்து சென்றிருப்பீர்கள். மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், சித்தாள் என்ற நான்கு பெயர்கள் அங்கே காதில் விழும். இவற்றுள் சித்தாள் என்பதன் பொருள் யாது?

சித்தர்களுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. சிறுமை + ஆள் = சிற்றாள். பேச்சில் 'ற்ற' என்பது 'த்த' ஆகிவிடும். காற்று காத்தாகிறது, சிற்றப்பன் சித்தப்பன் ஆகிறார். அவ்வாறே சிற்றாள் சித்தாள் ஆயிற்று. பொருள், 'சிறிய ஆள்'.

மற்ற பெயர்களையும் பாருங்கள். கொத்தனாருக்கு 'ஆர்' என்னும் மரியாதை விகுதி உண்டு. சுமை தூக்கும் ஆண் 'பெரியாள்'. மேஸ்திரியோ கடல் கடந்து வந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூர்க் கரையில் குடியேறிய போர்ச்சுகீசியரின் 'மெஸ்த்ரே' அது. சாவியும் ஜன்னலும் அவர்கள் தந்த சொற்களே. மெஸ்த்ரே என்பதன் தாய் இலத்தீன் மொழியின் 'மாகிஸ்தர்'. 'மிகுதி' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு எதிர்ச்சொல்லாக, 'குறைவு' என்னும் பொருளிலிருந்து பிறந்தது 'மினிஸ்தர்', அதாவது ஏவலாள். இலத்தீனின் சித்தாள் எனலாம். அச்சொல்தான் அரசனின் ஏவலரைக் குறித்து, பின்பு 'மினிஸ்டர்' என்று அமைச்சர் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொண்டது!

நம் சித்தாளுக்கு அந்த உயர்வு கிட்டவில்லை. சித்தாளாக வரும் பையன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண்களோ பெரும்பாலும் தலை நரைத்த பின்னும் சித்தாள்தான். ஒரே வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே ஊதியம் என்று 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் பெரியாள், சித்தாள் என்று பெயர் வேறாக இருக்கும்போது, வேலையும் வேறு என்று சொல்லிவிடுவது எளிதன்றோ?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சட்டி கலவை 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 100 நடை ஏறினால், மாடிக்குப் போவது 1,500 கிலோ, அதாவது ஒன்றரை டன். தம் உடலையும் நூறு முறை அவரேதான் தூக்கிச் செல்கிறார்.

நீங்கள் அமர்ந்து படிக்கும் வகுப்பறையின் சுவரும் இவ்வாறு எழுந்ததே. அதைத் தலையில் சுமந்தவரைச் சிறிய ஆள் என்று அழைப்பது பொருந்துமா? நீங்களே சொல்லுங்கள்.