சோழியும் கோட்பாடும்



1825ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைப் புதுச்சேரியிலே தமிழர் ஒருவர் கணித்துக் காட்டினார். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. தரையிற் பரப்பிய சோழிகளும் மனனம் செய்த வாய்பாடுகளுமே அவர்தம் கருவிகள். அக்கணிப்பைப் பதிந்து வைத்தவர், சென்னை வானாய்வு நிலையத்தின் முன்னைத் தலைவர் ஜான் வாரன் என்பார். கணித்தவர் வானநூற் கோட்பாடு எதனையும் அறியாதவர் என்பதையும் அவர் எழுதி வைத்தார். ஆயினும் கிரகணத் தொடக்கத்திற்கு நேர்ந்த பிழை 4 நிமிடமே. நடுவிற்கு 23 நிமிடம். முடிவிற்கு 52 நிமிடம்.

இஃது எவ்வாறு இயன்றது? சந்திரன் பூமிக்கு மிக அண்மையான நிலையிலிருந்து நீங்கி மீண்டும் அந்நிலையை எய்த ஏறக்குறைய இருபத்தேழரை நாள் செல்லும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாளில் முடியும். நாளுக்கொரு வாக்கியமாக 248 வாக்கியங்களை முன்னோர் யாத்தனர். அவற்றின் எழுத்துக்களே எண்கள். கணிப்போர் வாக்கியத்தை நினைவுகூர்ந்தாற் போதும்.

1936இல் அலன் டியூரிங் என்னும் ஆங்கில அறிஞர், தாளில் விதிப்படி கணக்கிடும் மனிதரை மனத்திற் கொண்டே தம் கற்பனைப் பொறியை வகுத்தார். கணிக்கத்தக்கது எது, தகாதது எது என்னும் எல்லையை அப்பொறி காட்டிற்று. ஆனால் அதன் நாடாவிற்கு முடிவில்லை, காலத்திற்கும் கணக்கில்லை. சோழி பரப்பியவருக்கோ நினைவிற்கு அளவுண்டு. கிரகணத்திற்கு முன்னரே விடையும் வேண்டும். இன்று கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் நிலையும் இதுவே. ஆதலின், 'இயலுமா?' என்னும் வினா மட்டும் அடித்தளமாகாது. 'எவ்வளவு இடத்தில், எவ்வளவு நேரத்தில்?' என்பதும் அதனோடு சேரவேண்டும்.

அவ்வாறாயின் கோட்பாடு வேண்டாவோ? வேண்டும். 248 நாள் என்பது முற்றும் சரியன்று. சிறு வேறுபாடு நூற்றாண்டுகளிற் பெருகும். கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களை நோக்கி, 1431இல் 'திருக்கணித' முறையை வகுத்தார். விதியைத் திருத்த, விதியின் காரணம் அறிந்தவர் வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் நம் வன்னி இல்லங்களில் இன்றும் தொங்குகின்றன.

கிளிநொச்சியில் அதிபராய் இருக்கும் யான், கணினியறையில் அழுத்தவேண்டிய பொத்தான்களை மாணவர் வரிசையாக ஒப்பிப்பதைக் காண்கிறேன். திரையின் தோற்றம் மாறினால் அவர்கள் திகைக்கின்றனர். சோழி பரப்பிய பெரியவரை யான் இகழேன். அவர்தம் ஆற்றல் வியத்தற்குரியது. ஆயினும், நம் பிள்ளைகள் வாக்கியத்தை ஒப்பிப்போராக மட்டுமன்றி, அதனைத் திருத்துவோராகவும் வளர வேண்டாமோ?