வில்ஹெல்மி (குடும்பப் பெயர்)

வில்ஹெல்மி என்பது அரிதான ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயர். கனடாவின் மொன்றியல் நகரிலும் கியூபெக் மாகாணத்தின் பிற இடங்களிலும் இதைத் தாங்கியோர் இருக்கிறார்கள். பிரெஞ்சு நாவில் நடுவிலுள்ள 'ஹ' ஒலி விழுந்துவிடும். மறுமலர்ச்சிக் காலத்தில் ஜெர்மானியப் படிப்பாளிகளும் பாதிரிமாரும் தங்கள் பெயரை இலத்தீனாக்கிக்கொண்டார்கள். வில்ஹெல்ம் என்பவரின் பிள்ளை, 'வில்ஹெல்முஸ்' என்பதன் ஆறாம் வேற்றுமை வடிவமான 'வில்ஹெல்மி'யை எடுத்துக்கொண்டான். பெட்ரி, பவுலி, யாக்கோபி எல்லாம் இந்த வகைதான். ஈழத்திலிருந்து வந்த தமிழரின் தகப்பன் பெயர் கனடாக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக உறைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கியூபெக்கில் இது 'ஒய்' எழுத்தில் முடிவதால் பிரெஞ்சுப் பாதிரியார்கள் திருத்திய பெயர் என்று நினைக்கத் தோன்றும். அது பொருந்தாது. சர்க்கரைக் கரைசல் வினையின் வேகத்தை 1850இல் அளந்த வேதியியலாளர் லுட்விக் வில்ஹெல்மியும் 'ஒய்' என்றே எழுதினார். வயலின் கலைஞர் ஆகஸ்ட் வில்ஹெல்மி (1845–1908) 'ஜே' போட்டார். ஜெர்மனியிலேயே ஈற்றெழுத்து நிலைத்திருக்கவில்லை.

இப்பெயர் கியூபெக்கில் வேரூன்றியதை அமெரிக்கப் புரட்சிப் போரோடு இணைத்துப் பார்ப்பதே பொருத்தம். 1776 முதல் பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய பிரன்ஸ்விக், ஹெஸ்ஸே-ஹனாவ் படைகள், ஜெனரல் ரீடெசெல் தலைமையில் கியூபெக் வழியாகவே போருக்குப் போயின. குளிர்காலங்களில் ஊர்மக்களின் வீடுகளிலேயே தங்கின. 1783இல் படைகள் கலைந்தபோது பலர் ஊர் திரும்பாமல் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். இந்த மறந்த கதையை 1984இல் நூலாக்கிய வரலாற்றாளர் ஜான்-பியேர் வில்ஹெல்மியின் பெயரும் இதுவே. அப்படித் தங்கிய சிப்பாய்களின் பிள்ளைகள் பிரெஞ்சே பேசி வளர்ந்தார்கள். பெயர் ஒன்றுதான் மிஞ்சியது. உயிரொலியில் முடிவதால் பிரெஞ்சுக் காதுக்கு இது உறுத்தவில்லை. பெரிதாகச் சிதையாமல் தப்பியதற்கு அதுவும் காரணம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் மொன்றியல் வில்ஹெல்மிகள் எல்லாரும் ஒரே சிப்பாயின் வழிவந்தவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வில்ஹெல்ம் என்ற தகப்பன் இருந்த எந்த ஊரிலும் இப்பெயர் தனியாக முளைத்திருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் ஜெர்மானியர் இந்நகருக்கு வந்து குடியேறினார்கள். எனவே பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றாகாது. தலைமுறை தவறாத பங்குப் பதிவேடுதான் சான்று. மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைக் குடும்பவாரியாகக் கோத்து வைத்திருக்கிறது. இப்பெயரின் பரவலைக் கணக்கிடுவோர் கியூபெக் சட்டம் ஒன்றையும் கவனிக்க வேண்டும்: 1981 ஏப்ரல் 2 முதல் அங்கே பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்தகப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.