நாலாவது முள்ளும் நம்ம அரை மணியும்

இந்தச் சந்திப்புக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்தை ஒரு ஜூலை மாதத்தில் வீடியோவில் நடத்தினோம். "ஞாயிறு மாலை 6 மணி. தவறாமல் வரவும்" என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போட்ட ஐந்தாவது நிமிஷமே நியூஜெர்சியிலிருந்து ஒருவன், "யாரோட ஆறு மணிடா?" என்று கேட்டுவிட்டான். கேள்வி நியாயமானதுதான். "நீதானே கப்பல்காரன், கணக்குப் போட்டுச் சொல்லு" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். போட்டுச் சொன்னேன். நமக்கு மாலை 6 என்றால் துபாயில் 4.30, லண்டனில் மதியம் 1.30, நியூஜெர்சியில் காலை 8.30, மெல்போர்னில் இரவு 10.30.

கவனித்தீர்களா? நாலு ஊர், நாலு நேரம், நாலிலும் ஓர் அரை மணி ஒட்டிக் கொண்டிருக்கிறது. அந்த அரை மணி அவர்களுடையது அல்ல, நம்முடையது. அது எப்படி வந்தது, அதை நான் மறந்ததற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை மலருக்கு எழுதித் தருமாறு செயலாளர் கேட்டுக் கொண்டார். எழுதுகிறேன்.

நான் 1974-இல் நம் கல்லூரியில் பௌதிகம் முடித்தவன். பயிற்சிக்குப் பிறகு வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தேன். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பு முறை உலகெங்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் தட்டுகிற எங்கள் இனமும் அதோடு கரை ஏறிவிட்டது.

ரேடியோ அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகத்தில் 15 முதல் 18 வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். மணிக்கு இருமுறை வரும் அந்த மூன்று மூன்று நிமிஷமும் ஆபத்து அலைவரிசையில் யாரும் பேசக் கூடாது. எங்கேயாவது ஒரு கப்பல் உதவி கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். அந்தக் கடிகாரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தையே காட்டும். கப்பல் எந்தக் கடலில் போனாலும் அதைத் தொட மாட்டோம். சாப்பாட்டுக் கூடத்துக் கடிகாரத்தை மட்டும் ஊருக்கு ஊர் திருப்பி வைப்போம்.

இரண்டு கடிகாரம் எதற்கு? இங்கேதான் சரித்திரம் தொடங்குகிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். கப்பலில் சூரியன் உச்சிக்கு வரும்போது, புறப்பட்ட ஊரில் என்ன மணி என்று தெரிந்தால், எவ்வளவு தூரம் கிழக்கிலோ மேற்கிலோ வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்தான். ஆனால் அலையில் ஆடினாலும் பிசகாத கடிகாரம் கிடையாது. ஜான் ஹாரிசன் என்ற இங்கிலாந்துத் தச்சர் பல்லாண்டு பாடுபட்டு அதைச் செய்தார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறித் தன் திறமையை நிரூபித்தது. ஆக, பயணக் கடிகாரத்தின் முதல் வேலை மணி சொல்வதே அல்ல. நீ எங்கே இருக்கிறாய் என்பதைச் சொல்வது. 'வீட்டில் இப்போ என்ன மணி?' என்பதுதான் அதற்கு ஆதாரக் கேள்வி.

கரையில் இருந்தவர்களுக்கு ரயில் வரும்வரை இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் நிற்கும் சூரியனைப் பார்த்து மணி வைத்துக் கொண்டது. ரயில் வந்ததும் குழப்பம். அமெரிக்க, கனடா ரயில் கம்பெனிகள் 1883 நவம்பர் 18-ஆம் தேதி தங்கள் நாடுகளை மணி மணியாகப் பிரித்துக் கொண்டன. மறு வருஷம் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, கிரீன்விச் வழியே போகும் கோட்டையே பூஜ்யக் கோடாக ஏற்றன. ஆதரவு 22, எதிர்ப்பு 1. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. பிரான்ஸ் 1911 வரை பாரிஸ் நேரத்தை விடவில்லை.

நம் கதை இன்னும் சுவாரசியம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. கருவிகளைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. மாணவர்கள் அனுமதி கேட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையின் தீர்க்கரேகை சுமார் 80¼ பாகை. நாலால் பெருக்கினால் 321 நிமிஷம். அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முந்தி. இதுதான் 'மெட்ராஸ் டைம்'. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிஷம், கல்கத்தா நேரம் ஏறக்குறைய 5 மணி 54 நிமிஷம். இரண்டுக்கும் நடுவில் இருந்ததாலும், வானாய்வுக் கூடத்திலிருந்து தந்திக் கம்பி வழியாகச் சரியான நேரம் கிடைத்ததாலும், இந்திய ரயில்கள் மெட்ராஸ் டைமில் ஓடின. பெஷாவர் போகிற ரயிலும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்றால் நமக்குக் கொஞ்சம் பெருமைதானே!

1906 ஜனவரி முதல் தேதி அந்தப் பெருமை முடிந்தது. மீர்ஜாப்பூர் அருகே போகும் 82½ பாகைக் கோட்டை வைத்து இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. 82½-ஐ நாலால் பெருக்குங்கள்: 330 நிமிஷம், ஐந்தரை மணி. முழு மணி வேண்டுமென்றால் 75 பாகைக் கோட்டையோ 90 பாகைக் கோட்டையோ எடுத்திருக்க வேண்டும். ஒன்று கிழக்கிந்தியாவுக்கு ஆகாது, மற்றது மேற்கிந்தியாவுக்கு ஆகாது. நடுவில் நின்றார்கள், அரை மணி பிறந்தது. சென்னைக்கு நஷ்டம் ஒன்பது நிமிஷம்தான். நாம் சத்தம் போடவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் பழைய நேரத்தைக் கைவிடாமல் வைத்திருந்தன.

இனி என் கைக்கடிகாரத்துக்கு வருகிறேன். விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கத் தொடங்கிய 1950-களில், விமானிகளுக்காக ஒரு புது மாதிரிக் கடிகாரம் வந்தது. பான் ஆம் விமானிகளை மனத்தில் வைத்து ரோலெக்ஸ் செய்தது அதில் பேர் பெற்றது. மணி, நிமிஷம், விநாடி முட்களோடு நாலாவதாக ஒரு முள் இருக்கும். அது 24 மணி நேரத்தில் ஒரே சுற்று சுற்றும். வெளியே 24 எண் போட்ட, திருப்பக்கூடிய வளையம். எத்தனை மணி வித்தியாசமோ அத்தனை கோடு வளையத்தைத் திருப்பினால், நாலாவது முள் வீட்டு நேரத்தைக் காட்டும். அவ்வளவுதான் தத்துவம்.

நமக்கு ரோலெக்ஸ் எங்கே கட்டுப்படியாகும்! 1978-இல் சிங்கப்பூர் சேஞ்ச் ஆலியில், தமிழ் பேசும் கடைக்காரர் ஒருவரிடம் அதே மாதிரி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். "தம்பி, இங்கே இருந்தா ரெண்டு கோடு வலப்பக்கம் திருப்பு. ஊர் நேரம் வந்துடும்" என்று அவரே திருப்பிக் காட்டினார். அப்போது சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தி. அவர்களுக்கும் அரை, நமக்கும் அரை. வித்தியாசம் சுத்தமாக இரண்டு மணி. அதன் பிறகு சிங்கப்பூரில் இறங்கும்போதெல்லாம் கை தானாக இரண்டு கோடு திருப்பிவிடும்.

1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பம், சபா சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போக, எட்டு மணிக் கணக்குக்கு மாறியது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. ரேடியோ ஆபீசருக்கு இது தெரியாதா என்பீர்கள். தெரியும். அறிவிப்பை வாங்கிக் கேப்டனிடம் கொடுத்தவனே நான்தான். கப்பல் கடிகாரத்தை மாற்றினோம், என் கைக்கடிகாரத்தின் பெரிய முட்களையும் மாற்றினேன். வளையத்தை மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு கோட்டிலேயே வைத்தேன்.

அந்த மாதம் சிங்கப்பூர் வருவோம் என்று தெரிந்ததும், அப்பாவுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன்: 'இன்ன தேதி, நம்ம ஊர் நேரம் ராத்திரி 7 மணிக்கு, மருந்துக்கடை டெலிபோனில் கூப்பிடுகிறேன்.' எங்கள் தெருவில் போன் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி. மருந்துக்கடைக்கு நடக்கக் கால் மணி ஆகும். குறித்த நாளில், நாலாவது முள் 19-ஐத் தொட்டதும், துறைமுகத்து மாலுமிகள் மன்றத்திலிருந்து அழைத்தேன். ஆச்சரியமாக லைன் உடனே கிடைத்தது. "அப்பா இன்னும் வரலையே தம்பி" என்றார் கடைக்காரர். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. இரவே கப்பல் புறப்படுகிறது. மழையோ, முழங்காலோ, வர முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன்.

ரேடியோ அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. கிரீன்விச் நேரம் 14.00. ஐந்தரையைக் கூட்டினேன்: நம்ம ஊரில் ஏழரை. நான் அழைத்தபோது அங்கே ஆறரை மணிதான். அப்பா இப்போது மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஏணியைத் தூக்கியாகிவிட்டது; இறங்க வழியில்லை.

மறுநாள் மெட்ராஸ் ரேடியோ வழியாக ஒரு தந்தி அனுப்பினேன்: நேரத்தைத் தப்பாகப் பார்த்தது நான்தான், நலம் என்று. கடைக்காரர் பின்னர் சொன்னார்: "ஒன்பது மணிக்குக் கடை சாத்தற வரைக்கும் இருந்தார் தம்பி. பையன் முன்னாலயே கூப்பிட்டுட்டான், போங்கன்னு சொன்னேன். லைன் கட்டாயிருக்கும், திரும்பவும் கூப்பிடுவான்னாரு." அந்த வருஷம் சித்திரையில் அப்பா காலமானபோது நான் அட்லாண்டிக்கில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவர் டைரியில் அந்தத் தந்தியை மடித்து வைத்திருந்தார். நான் பேசாமல் விட்டது அந்த அரை மணி.

பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். தவறு என்னுடையது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடிகாரத்திலும் ஓர் அனுமானம் இருக்கிறது. மணி முள் இரண்டு, நிமிஷ முள் ஒன்றுதான். அதாவது, உலகில் எங்கே போனாலும் மணிதான் மாறும், நிமிஷம் மாறாது என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். நமக்கு ஐந்தரை, நேபாளத்துக்கு 1986 முதல் ஐந்தே முக்கால். இவர்களுக்கெல்லாம் அதில் இடமில்லை. என் வளையம் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவுமே தவிர நடுவில் நிற்காது. நடுவில் நிற்கிற வளையமானாலும், நிமிஷத்தை நாமே முப்பது கூட்டியோ கழித்தோதான் படிக்க வேண்டும்.

நேரம் நிலையானதும் அல்ல. இலங்கை 1996-இல் மே மாதம் ஆறரைக்கும், அக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில் நம் ஐந்தரைக்கே திரும்பி வந்தது. சமோவா நாடு 2011 டிசம்பர் 30-ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டது. சட்டம் போட்டால் மாறுகிற சமாச்சாரம் இது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மூத்த அதிகாரி ஒருவர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். முட்கள் உள்ள எந்தச் சாதாரணக் கடிகாரத்திலும் செய்யலாம். நம்ம ஊர் நேரத்தில் ஓடும் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். எண்களைப் பார்க்காமல் முட்களை மட்டும் படியுங்கள். இங்கே 7 மணி என்றால், தலைகீழில் சின்ன முள் 1-லும் பெரிய முள் 6-லும் இருக்கும்: ஒன்றரை. அதுதான் கிரீன்விச் நேரம்! சின்ன முள் எப்போதும் அரைக் கட்டம் பின்தங்கி நிற்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம். அப்போது ஒரு மணி கூட்டிக் கொள்ளுங்கள். சுவிஸ் கடிகாரத்தில் இடம் கிடைக்காத நம் அரை மணி, ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்தில் இப்படிக் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது எல்லாம் செல்போன் பார்த்துக் கொள்ளும் என்பார்கள் மாணவர்கள். பார்த்துக் கொள்ளும். ஆனால் வெளிநாட்டு இன்டர்வியூவுக்கு '9 மணி' என்று ஒரு வரி வந்தால், எந்த ஊர் 9 மணி என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நீங்கள் யாருக்காவது நேரம் குறித்தால் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வெளியூர் போனதும், வீட்டு நேரத்தைப் பழக்கத்தில் திருப்பாமல், ஒருமுறை கணக்குப் போட்டுத் திருப்புங்கள். அந்தப் பக்கம் ஒருவர் நடந்து வந்து உட்கார்ந்திருப்பார்.

இந்த மலரோடு வரும் அழைப்பிதழில் 'காலை 10 மணி' என்பதற்குப் பக்கத்தில் 'இந்திய நேரம்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். செயலாளரிடம் பிடிவாதம் பிடித்துப் போடச் சொன்னவன் நான்தான். பழைய கடிகாரத்தைக் கட்டிக் கொண்டு ஒன்பதரைக்கே வந்துவிடுவேன். வாசலில் பார்க்கலாம்.